பிஸ்மார்க்கின் 58 வாக்குகள்

ஜெர்மன் பேரரசு எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், 1871 ஏப்ரல் 16 தேதியிட்ட அதன் அரசியல் சட்டத்தில் 6-ஆம் பிரிவை முதலில் படிக்க வேண்டும் என்பேன். பிரஷ்யப் படை 1866-இல் கோனிகிராட்ஸில் ஆஸ்திரியாவையும் 1870-இல் செடானில் பிரான்சையும் வென்றதைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்த வெற்றிகளை நிலையான ஆட்சியாக மாற்றிய கருவி அந்தப் பிரிவில் இருக்கும் ஒரு வாக்குப் பட்டியல்தான்.

பேரரசில் 25 மாநிலங்கள். அவற்றின் அரசாங்கங்கள் அனுப்பும் பிரதிநிதிகள் கூடும் அவை பூண்டஸ்ராட். மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவுக்கு 17 வாக்கு, பவேரியாவுக்கு 6, சாக்சனிக்கும் வூர்ட்டம்பெர்க்குக்கும் தலா 4, பாடனுக்கும் ஹெஸ்ஸனுக்கும் தலா 3, மெக்லன்பர்க்-ஷ்வெரினுக்கும் பிரௌன்ஷ்வைக்குக்கும் தலா 2, மிச்சமுள்ள 17 மாநிலங்களுக்கு ஆளுக்கு ஒன்று. மொத்தம் 58. ஒரு மாநிலத்தின் வாக்குகளைப் பிரித்துப் போட முடியாது. தன் அரசாங்கம் சொன்னபடிதான் பிரதிநிதி கை தூக்குவார்.

அந்த 17 எங்கிருந்து வந்தது? 1815-இல் அமைந்த பழைய ஜெர்மன் கூட்டமைப்பின் முழுப் பேரவையில் பிரஷ்யாவுக்கு 4 வாக்குதான். 1866-இல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த கையோடு பிரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட பகுதிகளின் பழைய வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள்: ஹனோவர் 4, ஹெஸ்ஸன்-காசல் 3, ஹோல்ஸ்டைன் 3, நாசாவ் 2, பிராங்க்ஃபர்ட் 1. சரியாக 17 வருகிறது. புதிய கணக்கு எதையும் பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் போடவில்லை. பழைய பட்டியலையே எடுத்து, காணாமல் போனவர்களின் பங்கைப் பிரஷ்யாவின் பெயரில் எழுதிக்கொண்டார். மற்ற அரசர்களின் வாக்கில் கை வைக்கவில்லை. பவேரியாவின் 4 மட்டும் 1867-இன் சுங்க ஒன்றிய ஒப்பந்தத்திலேயே 6 ஆகியிருந்தது. வடிவத்தில் பழைய கூட்டமைப்பாகவும் உள்ளே புதிய அரசாகவும் இருக்க வேண்டும் என்பதே 1866 இலையுதிர் காலத்தில் புட்புஸில் ஓய்வெடுத்தபடி அவர் சொல்லி எழுதவைத்த குறிப்புகளின் சாரம். அவருடைய அரசியல் திறமையின் உச்சம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மக்கள்தொகையில் சுமார் 60 விழுக்காடு பிரஷ்யாவில். வாக்கிலோ 29 விழுக்காடுதான். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசியல் சட்டத்தைத் திருத்த வரும் எந்த முன்மொழிவும் 14 எதிர்வாக்கு விழுந்தால் தோற்றது என்கிறது 78-ஆம் பிரிவு. பிரஷ்யாவிடம் தனியாகவே 17 இருக்கிறது. பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் மூன்றும் சேர்ந்தாலும் சரியாக 14 ஆகும் என்பதால், மற்ற மூன்று அரசர்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது. படை, கடற்படை, சில வரிகள் பற்றிய சட்டங்களில் இருப்பதை இருந்தபடியே வைக்கப் பிரஷ்யா விரும்பினால் அதன் வாக்கே முடிவு. வாக்கு சமமாகப் பிரிந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு முனையில் ரைஷ்டாக். 25 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுத்த அவை அது. அன்றைய ஐரோப்பாவில் இது பெரிய துணிச்சல். ஆனால் ஒரே ஆள் ரைஷ்டாக்கிலும் பூண்டஸ்ராட்டிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 9-ஆம் பிரிவு தடுத்தது. ஒற்றை வாக்கியம்தான், ஆனால் ஆட்சி நடத்துவோர் பூண்டஸ்ராட்டில் அமர்ந்ததால், கட்சித் தலைவர்கள் அரசாங்கத்துக்குள் நுழையும் வழியை அதுவே அடைத்தது. உறுப்பினர்களுக்கு 1906 வரை படியும் கிடையாது.

அரசாங்கத் தலைவரான சான்சலர் பதவியை முதல் வரைவில் பிஸ்மார்க் சிறியதாகத்தான் வைத்திருந்தார். பேரரசுக்கு முன்னோடியான வடஜெர்மன் கூட்டமைப்புக்கு அரசியல் சட்டம் இயற்றிய 1867-ஆம் ஆண்டு அவையில் தாராளவாதி பென்னிக்சன் கொண்டுவந்த திருத்தம், கூட்டமைப்புத் தலைவரான பிரஷ்ய அரசரின் ஆணைகளில் உடன் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவராகச் சான்சலரை ஆக்கியது. பிறகுதான் பிஸ்மார்க் அந்தப் பதவியைத் தனக்கே எடுத்துக்கொண்டார். அவர் ஒருவரே பொறுப்புள்ள அமைச்சர், மற்றவர்கள் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. சான்சலர் பூண்டஸ்ராட்டுக்குத் தலைமை தாங்கலாம், ஆனால் சான்சலர் என்ற முறையில் அவருக்கு அங்கே வாக்கு இல்லை. 17 வாக்கும் எப்படி விழ வேண்டும் என்று சொல்வது பிரஷ்ய அரசாங்கம். ஆகவே சான்சலரே பிரஷ்யாவின் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தால்தான் இயந்திரம் ஓடும். 1873 ஜனவரியில் பிஸ்மார்க் பிரதமர் பதவியைப் போர் அமைச்சர் ரோனிடம் விட்டுப் பார்த்தார். நவம்பரில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னால் சான்சலராக வந்த காப்ரிவி 1892-இல் அதே பிரிவினையைச் செய்தார், பதவி ஆய்லன்பர்க்கிடம் போனது. இருவரும் மோதி, 1894-இல் இருவருமே வெளியேறினார்கள்.

பணம் அடுத்த பலவீனம். நேர்முக வரிகள் மாநிலங்களிடமே இருந்தன. பேரரசுக்குச் சுங்கம், சில நுகர்வு வரிகள், தபால் வருவாய். பற்றாக்குறையை மாநிலங்கள் தலைக்கு இவ்வளவு என்று ஈடுகட்டின. வளமான ஹாம்பர்க்குக்கும் ஏழைத் துரிங்கியாவின் குட்டி மாநிலத்துக்கும் தலைக்கு ஒரே தொகை என்பது அப்பட்டமான அநீதி. மாநிலங்களை அண்டிச் சாப்பிடும் தொந்தரவான ஆளாகப் பேரரசு இருக்கிறது என்று பிஸ்மார்க்கே 1879-இல் ரைஷ்டாக்கில் குறைபட்டுக்கொண்டார். அவ்வருடம் உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் இறக்குமதி வரிகள் வந்தன. ஆனால் கத்தோலிக்கர்களின் மையக் கட்சியைச் சேர்ந்த ஃபிராங்கன்ஸ்டைன் அதற்கு விலை கேட்டார்: சுங்கத்திலும் புகையிலை வரியிலும் ஆண்டுக்கு 13 கோடி மார்க்குக்கு மேல் வருவதெல்லாம் மாநிலங்களுக்குப் போக வேண்டும். பேரரசு தன் காலில் நிற்கும் வாய்ப்பு அத்தோடு நழுவியது.

பிரஷ்யா எப்போதும் வென்றது என்றும் நினைக்க வேண்டாம். பேரரசின் உச்ச நீதிமன்றம் பெர்லினில் அமைய வேண்டும் என்று அது விரும்பியது. 1877-இல் பூண்டஸ்ராட் 30-க்கு 28 என்ற கணக்கில் லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்தது. ரயில்வே முழுவதையும் பேரரசின் கையில் கொண்டுவரும் திட்டமும் நடுத்தர மாநிலங்களின் எதிர்ப்பில் சிக்கி நின்றது. 1880 ஏப்ரலில் பற்றுச்சீட்டு முத்திரை வரி விவகாரத்தில் மறுபடியும் 30-க்கு 28 என்று பிரஷ்யா தோற்றது. பல குட்டி மாநிலங்கள் பெர்லினுக்கு ஆள் அனுப்பாமல் தங்கள் வாக்கை வேறு மாநிலப் பிரதிநிதியிடம் ஒப்படைத்திருந்தன. பிஸ்மார்க் உடனே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பேரரசரான கைசர் ஏற்கவில்லை, பூண்டஸ்ராட் தன் முடிவை மாற்றிக்கொண்டது. வாக்கை இப்படி ஒப்படைப்பது பற்றிய நடைமுறை விதிகளும் இறுகின.

பிரான்சிடமிருந்து 1871-இல் எடுத்துக்கொண்ட அல்சாஸ்-லொரைனுக்கு 1911-இல் 3 வாக்கு கொடுத்து மொத்தத்தை 61 ஆக்கியபோதும் மற்ற மாநிலங்கள் கணக்கில் கவனமாகவே இருந்தன. அங்கே ஆளுநரை நியமிப்பவர் பிரஷ்ய அரசரான கைசர். ஆகவே அந்த 3 வாக்கால் மட்டுமே பிரஷ்யாவுக்குப் பெரும்பான்மை கிடைக்குமானால் அவை எண்ணப்படாது, அரசியல் சட்டத் திருத்தத்திலும் எண்ணப்படாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.