நயம் பாராட்டுவதற்கு முன்

மேல்நிலை வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்றொரு வினா வரும். மாணவர்கள் பாடலைப் படிப்பதற்கு முன்பே விடையின் சட்டகம் அவர்களிடம் தயாராக இருக்கும்: திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை. ‘சீர்தோறும் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை’ என்று இலக்கணத்தை எழுதி, பாடலிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். இவ்வாறு எழுதப்பட்ட விடைகளைத் திருத்தும்போது, எழுதியவர் பாடலைப் புரிந்துகொண்டாரா என்பதை மட்டும் என்னால் கண்டறிய முடிவதில்லை.

இதற்கு மாற்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34 பெயர்களை அடுக்குகிறது. நாம் தேர்வுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும் மோனை, எதுகை, இயைபு எல்லாம் அடங்கும் தொடை அவற்றுள் ஒன்று. அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் ஆகியவையும் இருக்கின்றன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக, சொல்லாமல் விட்டது எது என்று இவற்றை வினாக்களாக மாற்றிக்கொண்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். என் வகுப்பில் எந்தப் பாடலையும், துணைப்பாடத்தில் வரும் எந்தச் சிறுகதையையும், இந்த வினாக்களைக் கொண்டே தொடங்குகிறேன்.

நான் அடிக்கடி எடுத்துக்கொள்வது குறுந்தொகையின் 167ஆம் பாடல். கூடலூர்கிழார் பாடியது, ஆறே அடிகள்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று கணவன் உண்ண, அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது என்று பாடல் முடிகிறது. அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பாடலின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பை மட்டும் மறைத்துக்கொள்வேன். பேசுவது யார் என்று கேட்டால் முதலில் ‘கணவன்’ என்பார்கள். ‘கணவன் உண்டலின்’ என்று அவனைப் படர்க்கையில் சொல்வதால் அது பொருந்தாது என்று யாராவது மறுப்பார்கள். மனைவியும் இல்லை, தன் நெற்றியைத் தானே ‘ஒண்ணுதல்’, அதாவது ஒளிபொருந்திய நெற்றி, என்று அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். அப்படியானால் அந்த வீட்டுக்குள் இருந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்த மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். தயிர் பிசைந்த விரலையும், அந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்தியிருப்பதையும், தாளிப்புப் புகை கண்ணில் நிறைந்ததையும் ஒருவர் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார் என்றால், இந்தப் பெண் இதற்கு முன் அடுப்படியில் இப்படி நின்றதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும். அதன் பிறகுதான் குறிப்பைக் காட்டுவேன்: மகளின் புது வீட்டுக்குப் போய்த் திரும்பிய செவிலித்தாய் (வளர்த்த தாய்) நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) சொன்னது. மோனையும் எதுகையும் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு பாடலுக்குள் இருக்கும் ஆளைச் சான்று வைத்துக் கண்டுபிடித்த பிள்ளைகள் அந்தப் பாடலை எளிதில் மறப்பதில்லை.

விவாதம் பெரும்பாலும் எச்சத்தில்தான் சூடுபிடிக்கும். அவள் பட்ட பாட்டைக் கணவன் கவனித்தானா என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். பாடல் அதைச் சொல்லவில்லை; ‘இனிது’ என்று அவன் உண்டதை மட்டும் சொல்கிறது. பாடல் சொல்லாததை ‘சொல்லவில்லை’ என்றே எழுதக் கற்பது திறனாய்வில் பாதி வேலை என்பது என் கருத்து.

எழுத்துப் பயிற்சியை இங்கிருந்தே தொடங்குகிறேன். முதலில் ஒரே ஒரு வாக்கியம்: ஒரு கருத்து, ‘ஏனெனில்’ என்ற சொல், பாடலின் ஓர் அடி. அந்த வாக்கியத்துக்கு வகுப்பில் யாராவது மறுப்புச் சொல்ல முடிய வேண்டும். ‘இப்பாடல் மிக அருமையாக உள்ளது’ என்பதற்கு மறுப்பும் இல்லை, சான்றும் இல்லை; எனவே அது ஏற்கப்படாது. வாக்கியம் நிலைத்தால் அதைப் பத்தியாக வளர்க்கலாம், பத்திகள் சேர்ந்தால் கட்டுரை. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் எழுதும் முன்னுரைகளை நான் போதுமான அளவு படித்தாகிவிட்டது.

கட்டுரையில் மேற்கோள்களின் நிலை இன்னும் மோசம். தேசிய ஒருமைப்பாடு, உலக அமைதி, சுற்றுலா என எந்தத் தலைப்பானாலும் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ வந்துவிடும். எனவே கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192ஆம் பாடலை 13 அடிகளும் முழுமையாக வாசிக்க வைக்கிறேன். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்று தொடர்ந்து, ஆற்றுநீரின் வழியே செல்லும் புணைபோல உயிர் முறைவழிச் செல்லும் என்பதைக் கண்டு, அதனால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று அந்தப் பாடல் முடிகிறது. முதலடியை முழக்கமாக மட்டும் அறிந்திருந்தவர்களுக்கு அது எங்கே போய் நிற்கிறது என்பது வியப்பாக இருக்கும். அதன்பின் கட்டுரையில் அந்த அடியை எடுத்தாள விரும்புவோர், அது தங்கள் வாதத்துக்கு எவ்வாறு துணை செய்கிறது என்று அடுத்த வாக்கியத்திலேயே விளக்க வேண்டும்.

திருத்தும்போது ரகர றகரம், ஒற்று, சந்தி எல்லாவற்றையும் ஒரே தாளில் சிவப்பாக்குவதில்லை. இந்த வாரம் ஒற்றுப்பிழை என்றால் ஒற்றுப்பிழை மட்டும். மற்றபடி என் குறிப்பு முழுவதும் கருத்தையும் சான்றையும் பற்றியதாக இருக்கும்.

தேர்வுக்கு என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள்; கேட்பதில் நியாயம் இருக்கிறது. மோனை, எதுகை, இயைபு, அணி ஆகியவற்றைத் தேர்வு நெருங்கும்போது தனியாகப் பயிற்றுவிக்கிறேன். பாடலை ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த வகுப்புக்கு அதற்கு ஓரிரு பாடவேளைகள் போதும்.