இரட்டை ஆற்றல் சி.டி.யில் அயோடினை அளப்பது: தீசிஸ் செய்பவர்களுக்கும் வைவாவுக்குப் படிப்பவர்களுக்கும்

இரட்டை ஆற்றல் சி.டி. ஒரே இடத்தை இரண்டு கே.வி.யில் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) படமெடுத்து, அங்கே எவ்வளவு அயோடின் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, அளவு தெரிந்த அயோடின் கரைசல்களை ஸ்கேன் செய்து ஒப்பிடுகிறோம். இந்தத் தலைப்பை தீசிஸுக்கு எடுப்பவர்கள் ஸ்கேனரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கரைசல் கலக்கும் மேசையில் அந்தக் கவலையில் பாதியாவது இருக்க வேண்டும். ஒப்பிட வைத்த கரைசலே தப்பு என்றால், அதற்குப் பிறகு போடுகிற எந்த வரைபடமும் உதவாது.

முதலில் புட்டியைப் படியுங்கள். ஐயோஹெக்சால் (அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து) 300 என்றால் ஒரு மி.லி.யில் 300 மி.கி. அயோடின். மருந்தின் எடை 647 மி.கி. இந்த 647-ஐ எடுத்துக் கணக்குப் போட்டுக் கலக்கினால் எல்லா ரீடிங்கும் பாதிக்கும் கீழே வரும். பழி கருவியின் மேல் விழும்.

10 மி.லி. மருந்தை 100 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் காய்ச்சி வடித்த நீரால் கோடு வரை நிரப்பினால் 30 மி.கி./மி.லி. தாய்க் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 25, 20, 10, 5, 2.5, 1 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் 50 மி.லி. ஆக்கினால் 15, 12, 6, 3, 1.5, 0.6 மி.கி./மி.லி. வரும். ஏழாவது குழாயில் வெறும் நீர். அதை விட்டுவிடாதீர்கள், கடைசியில் அதுதான் கைகொடுக்கும்.

மருந்து கெட்டியானது. பிப்பெட் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒட்டிய அளவு குடுவைக்குள் போகாது. 37 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுத்தன்மை ஏறக்குறைய பாதியாகிறது. அதைவிட நல்ல வழி எடை போடுவது: காலி ஃபிளாஸ்க்கைத் தராசில் பூஜ்யமாக்கி, சுமார் 13.5 கிராம் மருந்து ஊற்றினால் அது 10 மி.லி. ஆகும். மருந்து நீரைவிடக் கனமானதால் அடியில் தங்கும். குடுவையை மூடி இருபது முறையாவது கவிழ்த்துக் கலக்குங்கள். கண்ணாடிக் குழாய் வேண்டாம், அதன் சுவரே எக்ஸ்ரேயை அதிகம் உறிஞ்சும். பாலிப்ரொப்பிலீன் குழாயைக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள்.

பாண்டமில் (உடலுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் மாதிரி) 15-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே 0.6-ஐச் செருகினால் கோடுகள் விழுந்து அந்தச் சின்ன ரீடிங் கெட்டுவிடும். டோஸ் மாடுலேஷனை (பருமனுக்கேற்பக் கதிரைத் தானாக மாற்றும் வசதி) அணைத்து எம்.ஏ.எஸ்.ஸை (கதிரின் அளவு) நிலையாக வையுங்கள். ஒரே குழாயை மையத்திலும் ஓரத்திலும் வைத்து, சிறிய பாண்டம், பெரிய பாண்டம் இரண்டிலும் எடுங்கள். பெரிய உடலில் 80 கே.வி. கதிர் மையத்தை எட்டும்போது மிகவும் குறைந்துபோயிருக்கும். பிழை தலைகாட்டுவது அங்கேதான். ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை ஸ்கேன் போதும். விளிம்பைக் கூர்மையாக்கும் கெர்னல் (படத்தை உருவாக்கும் கணக்கு முறை) கூடாது. ஆர்.ஓ.ஐ. (அளவெடுக்கும் வட்டம்) குழாய் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முனைகளை விட்டுப் பத்து ஸ்லைஸின் சராசரி.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். குறைந்த கே.வி.யில் 1 மி.கி./மி.லி. அயோடினுக்கு 40 ஹெச்.யு. (சி.டி. படத்தின் அடர்த்தி அலகு), வெள்ளீய வடிகட்டியோடு உயர்ந்த கே.வி.யில் 13 ஹெச்.யு. என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழாயில் 120, 39 என்று வந்தால் வித்தியாசம் 81. அதை 27-ஆல் வகுத்தால் 3 மி.கி. பின்னணித் திசு 10 ஹெச்.யு. கூடினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே கூடும், கழிக்கும்போது போய்விடும். இரட்டை ஆற்றலின் பலமே இதுதான். விலை, இரைச்சல்: இரண்டு படத்திலும் 12 ஹெச்.யு. இரைச்சல் என்றால் வித்தியாசத்தில் 17 ஆகும், பிக்சலுக்கு 0.63 மி.கி. வடிகட்டி இல்லாமல் 40-க்கு 20 என்று இருந்தால் அதுவே 0.85. வெள்ளீயம் எதற்கு என்று வைவாவில் கேட்டால் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

மென்பொருளில் ஒரு பொறி உண்டு. படத்தை மூன்று பொருளாகப் பிரிக்கும் கல்லீரலுக்கான முறை, அயோடினுக்குப் பின்னணியில் கொழுப்பும் மென்திசுவும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. நீர்க் குழாய்க்கு அதே செட்டிங்கை விட்டால் எல்லா ரீடிங்கும் ஒரே பக்கம் நகரும். எந்த செட்டிங், எந்த விகிதம் என்று குறித்து வையுங்கள். சில கருவிகள் 100 மைக்ரோகிராம்/க.செ.மீ. அலகில் காட்டும், அங்கே 20 என்றால் 2 மி.கி.

முடிவில், உண்மை அளவுக்கு எதிரே ரீடிங்கைப் போட்ட நேர்கோட்டின் ஆர்-ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பது) 0.999 என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சாய்வு 0.9, வெட்டு 0.3 இருந்தாலும் அது 0.999 வரலாம். அப்போது 3 சரியாக 3 என்றே வரும். 15 மட்டும் 13.8 ஆகும், 0.6 என்பது 0.84 ஆகும். பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடத்தில் (இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது) இது உடனே தெரியும்.

வைவாவில் வரலாறு கேட்டால்: இரண்டு கே.வி.யில் படமெடுத்து அயோடினையும் கால்சியத்தையும் பிரிக்கலாம் என்று ஹவுன்ஸ்ஃபீல்ட் 1973-லேயே எழுதினார். கணித அடிப்படையை ஆல்வரெஸும் மகோவ்ஸ்கியும் 1976-ல் தந்தார்கள். அயோடினின் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயை உறிஞ்சுவது திடீரென எகிறும் ஆற்றல்) 33.2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். நீர், அயோடின் என்று இரண்டே பொருளாகப் பிரிக்கும் முறையில் கால்சியத்தின் ஒரு பகுதி அயோடினாகவே கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி அந்த நீர்க் குழாய். அதன் சராசரி 0.1, திட்ட விலக்கம் 0.15 என்றால், 0.1 கூட்டல் 1.645 பெருக்கல் 0.15, அதாவது 0.35 வரை வெறும் நீரே காட்டும். தாழ்ந்த செறிவிலும் அதே விலக்கம் என்றால் நம்பிக் கண்டறியக்கூடிய குறைந்த அளவு சுமார் 0.6. அந்தக் கருவியில், அந்த டோஸில், 0.4 காட்டும் சிறுநீரகக் கட்டியை என்ஹான்ஸ் ஆகிறது (கான்ட்ராஸ்டை எடுத்துக்கொள்கிறது) என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது.