சந்தையில் பிள்ளைக்கு ஒரு பையும் ஆயிரம் ரூபாவும்

மகளுக்கு இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. ரியூசனில் "ஒரு கிலோ கத்தரிக்காய் 320 ரூபா என்றால் 750 கிராம் என்ன விலை?" என்று கேட்டால், மற்றப் பிள்ளைகள் பென்சில் எடுக்க முதல் விடை சொல்லிவிடுவாள். அதே கணக்கை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில், பின்னால் சனம் நெரிக்க, மரக்கறிக்கார அம்மா காசுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கச் செய்யச் சொன்னால் வாயே திறக்காது. தாளில் யாரும் அவசரப்படுத்துவதில்லையே.

அதனால் சனிக்கிழமைகளில் மூன்று மரக்கறிகளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டேன். ஒரு பை, ஒரு ஆயிரம் ரூபாத் தாள். எந்தக் கடை, எவ்வளவு, எல்லாம் அவள் பாடு. நான் இரண்டு கடை தள்ளி நின்று சின்ன வெங்காயம் பொறுக்குவேன். "பிள்ளையை ஏமாத்திப்போடுவாங்கள்" என்று மாமிக்குக் கவலை. நான் பார்த்த அளவில் ஏமாற்றியவர்களைவிட, ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா பைக்குள் வைத்துவிட்டவர்கள்தான் அதிகம்.

அவள் முதலில் பழகியது கணக்கை அல்ல, வாய் திறந்து கேட்பதை. "கொஞ்சம் குறைச்சுத் தாங்கோவன்" என்று சொல்ல அவளுக்குக் கனநாள் எடுத்தது. கணக்கு தானாக வந்தது, அதுவும் பள்ளிக்கூட வழியில் இல்லை. 320இன் பாதி 160, அதன் பாதி 80, இரண்டையும் கூட்டினால் 240. அந்த அம்மா மனதுக்குள் போடும் கணக்கும் இதுதான். வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க மட்டும் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ஒடித்தால் வாங்க வேண்டும்.

சின்னவன் இரண்டாம் ஆண்டு. அவனுக்கு எல்லாவற்றுக்கும் 'ஏன்'. போன வருடம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறிய கிழமை, மரக்கறி ஏன் இவ்வளவு விலை என்று நான் புறுபுறுத்ததைப் பிடித்துக்கொண்டான். நான் விளக்கம் சொல்லவில்லை. இந்தக் கிழமை எங்கள் வீட்டில் மீன் சமைத்தோமா? இல்லை. பக்கத்து வீட்டில்? இல்லை. பெரியம்மா வீட்டில்? அங்கும் இல்லை. 25 நாள் திருவிழாவுக்கு இத்தனை வீடுகள் மரக்கறிக்கு மாறினால் என்ன நடக்கும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மீன் மலிஞ்சிருக்குமே!" என்றான். நான் அவ்வளவு தூரம் எதிர்பார்க்கவில்லை. உடனே பாசையூருக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம். விரத நாளில் மீன் சந்தைக்குப் போய்வந்தால் மாமி வீட்டுக்குள் விடமாட்டா என்பதால் அந்த ஆராய்ச்சி நிற்கிறது.

அப்புறம் மார்கழி மழையில் தோட்டங்களுக்குள் வெள்ளம் நின்றபோது விலை திரும்ப ஏறியது. "இப்பவும் எல்லாரும் விரதமோ?" என்றான். இல்லை, இந்த முறை சாப்பிடுகிறவர்கள் கூடவில்லை, காய்தான் குறைந்துவிட்டது. விலை இரண்டு விதமாக ஏறலாம் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. நான் இதைப் படித்தது உயர்தர (ஏ.எல்.) வகுப்பு வர்த்தகப் பிரிவில், வரைபடம் கீறி.

சுப்பர்மார்க்கெட்டில் இந்தப் பேச்சுக்கெல்லாம் இடமில்லை. விலை ஒட்டியிருக்கும், கேட்க ஆளில்லை. ஆனால் வாசிக்கலாம். இனிப்புப் பானங்களில் 2016இல் இருந்து நிறக் குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்கும் குறைவென்றால் பச்சை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஒரு சிவப்புப் போத்தலில் உள்ள சீனியைக் கரண்டியால் அளந்து கிளாசில் போட்டுக் காட்டினேன். அதன் பலன், இப்போது சின்னவன் அடுத்தவர்களின் கூடைக்குள் எட்டிப் பார்த்து "அம்மா, சிவப்பு!" என்று கத்துகிறான். வெட்கக்கேடு.

அவசரமான நாட்களில் இருவரையும் கூட்டிப் போவதில்லை. அன்றைக்குப் பொறுமை இருக்காது, எனக்கு.

இப்போதைய பைத்தியம் பாண். ஒரு றாத்தல் பாண் 450 கிராமும், அரை றாத்தல் 225 கிராமும் இருக்க வேண்டும் என்று சட்டம் என ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வாங்கிய பாணை வாசலிலேயே சமையலறைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள், மகள் கொப்பியில் எழுதுகிறாள். ஆட்டோவில் பாண் கொண்டுவரும் அண்ணை இப்போது எங்கள் படலையடிக்கு வந்ததும், தட்டு முழுக்கக் கிளறிப் பெரிதாகப் பார்த்து எடுத்துத் தருகிறார்.