குளியலறைக் கூரையில் மூன்று விளக்கு

கண்புரை அறுவை முடிந்த பிறகும் அம்மாவுக்கு எங்கள் குளியலறை இருட்டுதான். பெங்களூரு அல்சூரில் பழைய அடுக்ககம், எட்டுக்கு ஐந்தடி அறை. கதவுக்கு மேலே ஒரே ஒரு பல்பு. ஷவர் பக்கம் போனால் நம் நிழலே தரையை மறைத்துவிடும். ஈரம் எங்கே, சோப்பு எங்கே என்று தெரியாமல் அம்மா சுவரைத் தடவித் தடவி நடப்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது. சரி, ஃபால்ஸ் சீலிங் போட்டு டவுன்லைட் பதித்துவிடலாம் என்று இறங்கினேன்.

எஸ்.பி. ரோட்டில் விளக்கு வாங்கப் போனால், ஹாலுக்குப் போடுவதையே எடுத்து நீட்டினார்கள். பெட்டியில் ஐபி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்; தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது அதுதான். 44 என்றால் எந்தப் பக்கம் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஷவருக்கு மேலே 65, மற்ற இரண்டும் 44 என்று எடுத்தேன். மூன்றுமே 6 வாட், 4000 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 6500 வெள்ளை வெளேரென்று டைல்ஸில் பட்டு அம்மாவுக்குக் கண் கூசியது.

எலக்ட்ரீஷியன் தம்பி திருவண்ணாமலைக்காரர். வந்ததும் விளக்கைத் தொடவில்லை, மேலேதான் பார்த்தார். மேல் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் எங்கள் கூரைத் தளத்துக்கு அடியில்தான் தொங்குகின்றன.

"அக்கா, மூடிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் பொறுங்க" என்றார்.

ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டினார். மேல் வீட்டில் சொல்லி, நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னோம். அரை மணி நேரம் பார்த்தோம், ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் குழாய் வளையும் ஒரு எல்போ இணைப்புக்குக் கீழே மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். தாள் ஊறி, அதில் எழுத்து கலங்கியிருந்தது. அந்த ஒரு பொட்டு ஈரத்தால் வேலை எட்டு நாள் தள்ளிப்போனது. மேல் வீட்டார் முகம் சுளிக்காமல் பிளம்பரை அழைத்து இணைப்பை மாற்றினார்கள். கவனிக்காமல் மூடியிருந்தால் அந்தச் சொட்டு நேராக விளக்கின் டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) மேல் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஈரம் தாங்கும் பச்சை ஜிப்சம் பலகை ஏறியது. எல்போவுக்கு நேர் கீழே ஒரு திறப்புக் கதவு விடச் சொன்னேன். டிரைவர்களைக் குழாயிலிருந்து தள்ளி, கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

கண்ணாடிக்கான விளக்கை அறையின் நடுவில் குறித்திருந்தார். அங்கே போட்டால் வெளிச்சம் தலைக்குப் பின்னால் விழும், முகம் கறுத்துத் தெரியும். டார்ச்சை மேலே பிடித்து நகர்த்தி நகர்த்திப் பார்த்து, வாஷ்பேசினின் விளிம்புக்கு நேர் மேலே மாற்றினோம். 75 மில்லிமீட்டர் துளை. பெட்டியில் போட்டிருந்தாலும் விளக்கையும் அளந்துகொண்டே வெட்டினார். பெரிதாகிவிட்டால் ஸ்பிரிங் பிடிக்காது.

எங்கள் போர்டில் எம்சிபி எனும் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் மட்டுமே இருந்தது. அது ஷார்ட்டுக்கும் அதிக லோடுக்கும்தான் விழும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்க ஆர்சிசிபி வேண்டும். 30 மில்லியாம்பியரில் ஒன்று மாட்டினோம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை நானே அழுத்திப் பார்க்கிறேன்.

அம்மா இப்போது சுவரைத் தொடாமல் போய் வருகிறார். சமையலறை சிங்க்குக்கு மேலேயும் ஒன்று வேண்டுமாம்.