ஓ.கே. என்றால் எவ்வளவு சரி?

ஆங்கிலம் பேசுபவர் ஒருவரிடம் நேற்றைய விருந்து எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் ‘இட் வாஸ் ஓ.கே.’ என்று சொன்னால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை சொல்லும்படி எதுவும் இல்லை, மெச்சும்படியும் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். அதே மனிதர், படியில் தடுக்கி விழுந்தவரிடம் ஓடிச்சென்று ‘ஆர் யூ ஓ.கே.?’ என்று கேட்கும்போது, அடி ஏதும் பட்டுவிடவில்லையே என்ற பதற்றம் முழுவதும் அந்த இரண்டெழுத்தில் வந்துவிடுகிறது. இரண்டு இடங்களிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான் என்பது என் துணிபு: தடையோ கேடோ இல்லை என்பதை மட்டும் ஓ.கே. சொல்கிறது, தரத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இதன் பிறப்பு வேடிக்கையானது. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில், சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி அவற்றின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடும் வழக்கம் பரவியிருந்தது. ‘ஆல் ரைட்’ என்பதைத் தப்பும் தவறுமாக (oll wright) எழுதி ஓ.டபிள்யூ. என்று சுருக்கினார்கள், ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ (oll korrect) ஆக்கியதில் கிடைத்ததுதான் ஓ.கே. அது 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அச்சானதை, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் எழுதிய கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார். பழைய இதழ்களை இத்தனை பொறுமையாகப் புரட்டிப் பார்த்த அவரது உழைப்பின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அந்தச் சுருக்கங்களில் பெரும்பாலானவை மறைந்துபோக, ஓ.கே.யைக் காப்பாற்றியது 1840 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல். கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அழைத்த ஆதரவாளர்கள், ஓ.கே. கழகங்களைத் தொடங்கினார்கள். வான் பியூரன் தோற்றார். சொல் நாடெங்கும் பரவியது. பின்னர்த் தந்தி ஊழியர்கள், செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு இதைப் பயன்படுத்தினார்கள். வந்த செய்தியை ஏற்கிறோமா, விரும்புகிறோமா என்பதற்கு அங்கே இடமே இல்லை.

பேச்சில் ‘ஓ.கே., லெட்ஸ் ஸ்டார்ட்’ என்று தொடங்கும்போது, முந்தைய பேச்சு முடிந்தது என்ற அறிவிப்பாகவும் அது நிற்கிறது. வினைச்சொல்லாக்கி, மேலதிகாரி ஒரு திட்டத்தை ‘ஓ.கே.’ செய்தார் என்றால் அனுமதி கொடுத்தார் என்று பொருள்.

எழுத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நண்பர் தாம் எழுதிய கவிதையை ஆசையோடு அனுப்பும்போது ‘ஓ.கே.’ என்று மட்டும் பதில் போட்டால், குரலின் இதம் இல்லாததால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே படும். ‘படம் ஓகே’ என்று நாம் தமிழில் சொல்லும்போதும் இதே அரைமனம்தான் தொனிக்கிறது. பிடித்திருந்தால் எந்த வரி பிடித்தது என்று எழுதிவிடுவதே நல்லது.