டப்ளின்: சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும்

எந்த ஊருக்குப் போனாலும் யூரோவை நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. டப்ளினில் அந்த வியாதி முற்றிவிட்டது. பத்துப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டில் ஒன்றுக்கு, வெள்ளிக்கிழமை வந்ததும் வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. நம்மூரில் அந்தக் காசுக்கு ஏசி அறை, காலைச் சிற்றுண்டி எல்லாம் சேர்த்தே கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருக்களில் ஒரு கிளாஸ் பீர் கிட்டத்தட்ட பத்து யூரோ. நான் வெளியிலிருந்தே பாட்டைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

எங்கே எவ்வளவு செலவாகும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கில்மைனம் சிறையைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

நான் போனபோது கட்டணம் 8 யூரோ. கைடு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். வார இறுதி டிக்கெட்டெல்லாம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். யாராவது ரத்து செய்தால் அந்த இடங்கள் காலையில் மறுபடி இணையத்துக்கு வரும் என்பதால், கிடைக்கவில்லையென்றால் மனம் தளராமல் பார்த்துக்கொண்டே இருங்கள்.

1796-ல் திறந்து 1924-ல் மூடிய சிறை. அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்த பெரிய தலைகளில் பாதிப்பேர் இங்கே இருந்திருக்கிறார்கள். 1803-ல் கிளர்ச்சி செய்த ராபர்ட் எம்மெட், 1881-ல் ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் பார்னெல். பார்னெலுக்கு வசதியான அறை, தேடிவந்து பார்க்க ஆட்கள் என்று ராஜ மரியாதை. அதே கட்டடத்தில் பஞ்ச காலத்தில் ரொட்டி திருடியவர்களை நெருக்கியடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கூரை போட்ட கிழக்குக் கூடத்தில் எல்லோரும் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அங்குள்ள சின்னத் தேவாலயம்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். பாட்ரிக் பியர்ஸ், ஜேம்ஸ் கானலி முதலானோர் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றிக் குடியரசை அறிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்து சரணடைந்தார்கள். ஊர் மக்களில் பலருக்கு அப்போது இவர்கள்மேல் எரிச்சல்தான். கைதிகளாக நடத்திப் போனபோது வசை பாடியவர்களும் உண்டு. அதையெல்லாம் தலைகீழாக மாற்றியது பிரிட்டிஷ் ராணுவம் எடுத்த முடிவு. மே 3 தொடங்கி 12 வரை இந்தச் சிறையில் 14 பேரைச் சுட்டார்கள். மொத்தமாக அல்ல, தவணை முறையில். காலையில் பேப்பரைப் பிரித்தால் புதிதாகச் சில பெயர்கள். நாளுக்கு நாள் மக்கள் மனம் மாறியது. தன் எதிரிக்கு இவ்வளவு சிரத்தையாக விளம்பரம் செய்த அரசு வேறு ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 14 பேரில் ஜோசப் பிளங்கெட் ஒருவர். ஏற்கெனவே நோயாளி. மே 3 இரவு அந்தத் தேவாலயத்தில் அவருக்கும் ஓவியர் கிரேஸ் கிஃபோர்டுக்கும் கல்யாணம் நடந்தது. மெழுகுவத்தி வெளிச்சம், சுற்றிலும் சிப்பாய்கள். அப்புறம் அறையில் பேசிக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், அதுவும் சிப்பாய்களின் முன்னிலையில். விடிந்ததும் சுட்டுவிட்டார்கள். கிரேஸின் கதை இதோடு முடியவில்லை. 1923-ல் அவரே இங்கே கைதி. அறைச் சுவரில் மாதாவும் குழந்தையுமாக ஓர் ஓவியம் தீட்டினார். அவரைச் சிறையில் அடைத்தது யார்? ஆங்கிலேயர் இல்லை. சுதந்திரம் பெற்ற ஐரிஷ் அரசு.

சுடப்பட்ட இடம் கல்லுடைக்கும் முற்றம். உயர்ந்த சாம்பல் நிறச் சுவர்கள், தரையில் சரளைக்கல், இரண்டு சாதாரணச் சிலுவைகள். ஒரு கோடியில் இருப்பது 13 பேருக்கு. மறுகோடியில், வாசல் கதவுக்கு அருகில் இருப்பது கானலிக்கு. சண்டையில் கணுக்கால் சிதைந்து நிற்க முடியாமல் இருந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். முற்றத்தின் நீளத்துக்கு அவரை நடத்திப் போக முடியாததால்தான் சிலுவை இந்தப் பக்கம் இருக்கிறது.

எங்கள் கைடு கடகடவென்று பேசும் இளம்பெண். 1922 நவம்பர் 17 அன்று இதே சிறையில் நான்கு இளைஞர்கள் சுடப்பட்டதையும் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் "பிரிட்டிஷ்காரர்களா சுட்டது?" என்று கேட்க, "இல்லை, நாங்கள்தான்" என்றார். இதற்காகவே அந்த 8 யூரோவை இன்னொரு முறை கொடுக்கலாம். தன் நாட்டுச் சுதந்திரப் போரைப் பற்றி இப்படி மழுப்பாமல் பேசும் அரசு நினைவிடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கதைச் சுருக்கம் இது. 1921 டிசம்பரில் ஐரிஷ் போராளித் தலைவர் மைக்கேல் காலின்ஸ் உள்ளிட்டோர் பிரிட்டிஷ் அரசோடு லண்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முழுச் சுதந்திரம் தரவில்லை. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் உண்டு, வடக்கின் ஆறு மாவட்டங்கள் கிடையாது. கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார் காலின்ஸ், கூடாது என்றார் இன்னொரு தலைவரான ஈமன் டி வலேரா. நேற்றுவரை ஒன்றாக ஒளிந்து திரிந்தவர்கள் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் கொட்டும் மழை. கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்துக்கு டாக்ஸி பிடித்தேன். வயிற்றெரிச்சல் அத்தியாயம் இங்கேதான் ஆரம்பம். ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிய வேண்டிய பாதையில், ஒரே பாலம் வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை வந்தது. கேட்டால் "ரோடு வேலை நடக்கிறது." மீட்டரோ 27 யூரோ. நடுவே, தன் தாத்தா 1916-ல் தபால் நிலையத்துக்குள் இருந்து சுட்டவர் என்று ஒரு கதை வேறு. அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால் கட்டடம் பிதுங்கியே இடிந்திருக்கும் என்று டப்ளின்காரர்களே கேலி செய்வார்கள். ரசீது கேட்டேன், அச்சடித்துக் கொடுத்தார், முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. 27 யூரோவில் மூன்று கில்மைனம் டிக்கெட் வாங்கி மிச்சமும் இருக்கும். லீப் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிக்கொண்டால் 2 யூரோவில் 90 நிமிடம் பேருந்து மாறி மாறிப் போகலாம். டாக்ஸிதான் வேண்டுமென்றால் போனில் வரைபடத்தைத் திறந்து, டிரைவர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்நெவினில் கல்லறைகளைச் சுற்றிப்பார்க்கக் காசு வேண்டாம். கைடு, கோபுரம் ஆகியவற்றுக்குத்தான் கட்டணம். இதை உருவாக்கியவர் டேனியல் ஓகானல். கத்தோலிக்கர்கள் இறந்தவருக்காகக் கல்லறையில் ஜெபம் சொல்வதற்கே தடை வந்த காலம் அது. கத்தோலிக்கரோ வேறு யாரோ, எல்லோரும் கௌரவமாகப் புதைக்கப்பட ஓர் இடம் வேண்டும் என்று போராடி 1832-ல் திறந்தார். அதற்கு முன்பே, மாதம் ஒரு பென்னி என்று ஏழைகளிடம் சந்தா வசூலித்துக் கத்தோலிக்கச் சங்கத்தை வளர்த்து, 1828-ல் கிளேர் தொகுதியில் ஜெயித்து, கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமையை 1829-ல் வாங்கிக்கொடுத்தவர். ஒரு துளி ரத்தத்துக்கும் சுதந்திரம் ஈடாகாது என்ற கட்சிக்காரர். 55 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அடியில் அவர் பெட்டி இருக்கிறது. கல்லில் உள்ள ஓட்டை வழியாகக் கைவிட்டுத் தொடலாம். நானும் தொட்டேன், பலகை சில்லென்று இருந்தது. இறந்தது 1847-ல் ஜெனோவாவில். உடல் இங்கே வந்தது, இதயத்தை அவர் ஆசைப்படி ரோமுக்கு அனுப்பினார்கள். அந்த இதயம் பிற்பாடு அங்கே காணாமல் போய்விட்டது!

அவர் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ரத்தம் சிந்தாமல் விடுதலை கிடையாது என்றவர்கள் படுத்திருக்கிறார்கள். 1915 ஆகஸ்ட் 1 அன்று பழைய புரட்சிக்காரர் ஓடோனவன் ரோசாவைப் புதைத்தபோது பியர்ஸ் ராணுவ உடையில் நின்று ஆட்சியாளர்களை "முட்டாள்கள், முட்டாள்கள், முட்டாள்கள்!" என்று முழங்கியது இந்த மண்ணில்தான். பார்னெல் புராட்டஸ்டன்ட். கடைசிக் காலத்தில் கத்தோலிக்க ஆயர்களே அவரைக் கைகழுவினார்கள். அவர் மேல் கிடப்பது ஒரு பெரும் பாறை, அதில் பெயர் மட்டும். காலின்ஸ் 1922 ஆகஸ்டில் 31 வயதில் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டவர். அவர் சமாதியில் பூவுக்குப் பஞ்சமே இல்லை. டி வலேரா 92 வயது வரை வாழ்ந்து, பிரதமராகி, குடியரசுத் தலைவராகி, இதே தோட்டத்தில் எளிய கல்லுக்கு அடியில் இருக்கிறார். நான் நின்ற நேரத்தில் அங்கே பூ கம்மி. வரலாற்றாசிரியர்கள் என்ன சொன்னாலும் பூக்கடைக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பழைய வாசலை ஒட்டி 1833-லிருந்து இருக்கும் கவானாஹ் மதுக்கடையை ஊரே 'வெட்டியான்கள் கடை' என்று அழைக்கிறது. டிவி கிடையாது, பாட்டு கிடையாது, மரத் தடுப்புகளும் பேச்சுச் சத்தமும்தான். காடில் என்று ஒரு கிண்ணம் வாங்கினேன். பன்றிக்கறித் துண்டு, சாஸேஜ், உருளை, வெங்காயம் எல்லாவற்றையும் தண்ணீரில் வேகவைத்த குழம்பு. பார்வைக்கு வெளிறிப்போய்ப் பரிதாபமாக இருக்கும். மிளகு தூவி, ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்தேன், டாக்ஸிக்காரரை மன்னித்துவிட்டேன். அந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு அதுதான். சைவர்களுக்கு டப்ளின் கொஞ்சம் சோதனைதான், பாவம்.

தபால் நிலையத்தில் தூண்களைப் பாருங்கள், ஒரு தபால் அட்டை போடுங்கள், போதும். அதே தெருவின் தென்கோடியில், பாலத்துக்கு அருகே சாலை நடுவில் ஓகானல் சிலை. அடியில் இறக்கை வைத்த பெண் ஒருத்தியின் மார்பில் 1916 குண்டு ஓட்டை இன்னும் இருக்கிறது. டப்ளின் கோட்டைப் பக்கம் போனால் மார்கரெட் கசின்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1913-ல் அங்கே கண்ணாடியை உடைத்துச் சிறை போனவர். பிறகு சென்னைக்கு வந்து, அடையாறில் பெண்கள் சங்கம் தொடங்கி, நம் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவே உட்கார்ந்தார். 1916-ல் டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நம் வி.வி.கிரியையும், அந்த ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள்.

கில்மைனத்தில் சுடப்பட்ட 14 பேரும் புதைக்கப்பட்ட ஆர்பர் ஹில்லுக்குக் கட்டணம் இல்லை, நான் போன நேரம் ஆளும் இல்லை. அங்கிருந்து காலின்ஸ் பாசறை அருங்காட்சியகத்துக்குப் பொடிநடை, அதுவும் ஓசி. உள்ளே 'ஆஸ்கார்ட்' என்ற பாய்மரப் படகு முழுசாக நிற்கிறது. 1914 ஜூலையில் எர்ஸ்கின் சில்டர்ஸ் தன் மனைவியோடு ஐரிஷ் தொண்டர் படைக்காக 900 துப்பாக்கிகளைக் கடத்திவந்து, டப்ளினுக்குப் பக்கத்து ஹௌத் துறைமுகத்தில் இறக்கிய படகு. எட்டு வருடம் கழித்து, கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக, ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற அதே சில்டர்ஸைச் சுதந்திர அரசு சுட்டுக் கொன்றது. சுட வந்தவர்களிடம் கைகுலுக்கிவிட்டு, ஓரடி முன்னால் வாருங்கள், உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்றாராம். அவருடைய மகன் 1973-ல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். படகைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். ஞாயிறு, திங்களில் மதியம் ஒரு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள், காலையிலேயே போய் நிற்காதீர்கள்.