மார்ச் 10-க்காக நாங்கள் எழுதிய மனு

1959 மார்ச் 10 அன்று லாசா மக்கள் சீன ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். அந்த நினைவு நாளில் திபெத்தியர்களுக்கு ஆதரவாக ஜந்தர் மந்தரில் ஒரு பகல் அமர்வதென்று, தில்லி ஆர்.கே.புரம் தமிழர்கள் எட்டுப் பேர் முடிவு செய்தோம். என் தந்தை 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர். அதே போரில் இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் மலைக்காடுகளில், இந்திய அரசின் கீழ் இயங்கிய 'சிறப்பு எல்லைப் படை' என்ற திபெத்தியர் படையொன்று ரகசியமாகப் போரிட்டதைப் பின்னாளில் அறிந்து, கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்கு முழுத்தடை கூடாதென்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், முன் அனுமதி கட்டாயம். ஆட்களின் எண்ணிக்கையும் நேரமும் ஒலிபெருக்கி விவரமும் இல்லாததால் எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பியது. அடையாள அட்டை நகல்களுடன் மீண்டும் கொடுத்தபோது அனுமதி கிடைத்தது.

மனுதான் கடினமாக இருந்தது. 1962 நவம்பரில் தொடங்கப்பட்ட அப்படை 1971-இல் உயிர்களை இழந்ததையும், 2020 ஆகஸ்டில் லடாக்கில் அதன் வீரர் நியிமா தென்சின் கண்ணிவெடியில் இறந்ததையும் எழுதி, 'ஆகவே இந்தியா திபெத்துக்காகப் பேச வேண்டும்' என்று முடித்திருந்தேன். தில்லியின் திபெத்தியர் குடியிருப்பான மஜ்னு கா டில்லாவில் வசிக்கும், அப்படையில் பணியாற்றிய பெரியவர் ஒருவரிடம் அதை இந்தியில் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "எங்கள் தோழர்களை நினைப்பதற்கு நன்றி. ஆனால் லாசாவில் என் தங்கையின் பேரப்பிள்ளைகள் தாய்மொழியில் படிப்பதை அந்தப் போருக்கான கூலியாகக் கேட்காதீர்கள். நாங்கள் துப்பாக்கியே ஏந்தாதிருந்தாலும் அது அவர்களுடையதுதான்" என்றார்.

1965 மொழிப் போராட்டத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது வருத்தமளித்தது. அன்றிரவே மாற்றி எழுதினேன். ஏறத்தாழ 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்து, மாண்டரின் மொழியே கோலோச்சும் உறைவிடப் பள்ளிகளில் வளர்வதாக 2023 பிப்ரவரியில் ஐ.நா. வல்லுநர்கள் எச்சரித்ததை முதல் கோரிக்கையாக வைத்தேன். போர் நினைவை நீக்க எனக்கு மனமில்லை. நன்றிக்கடன் நம்முடையது என்றே இன்றும் கருதுகிறேன். ஆகவே, 1971-இல் இறந்த திபெத்திய வீரர்களின் பெயர்களை வெளிப்படையாகப் பொறிக்க வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாக்கினேன். பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார்.

மார்ச் 10 மாலை மனுவைக் கையளித்து, முத்திரையிட்ட ஒப்புகை நகல் பெற்றோம். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பினோம். இரண்டு அலுவலகங்களிலிருந்து, பெற்றுக்கொண்டோம் என்ற கடிதம் மட்டும் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த வாரம் நினைவூட்டல் எழுதுகிறோம்.